ரசீதின் பின்பக்கம்

குட்டைசி சந்தையில், மீன்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவே
ஒன்றரை மீட்டர் அகலம் என் கடை.
உடைந்த திரை மாற்றுவேன், செத்த பேட்டரி மாற்றுவேன்.
யார் என்ன கேட்டாலும் முதலில்
"முடியாது" என்று சொல்லி வைப்பேன்.
பிறகு முடிந்துவிட்டால் மரியாதை கூடும்.

ட்சியூரி வந்தது பிப்ரவரியில்,
பனி சேறாகிக் கிடந்த ஒரு காலை.
நீரேற்று நிலையத்தில் இரவு வேலை முடித்து
நேரே வந்திருந்தாள்.
ரொட்டிப் பையில் சுற்றிய வாசிப்புக் கருவி.

"கெட்டுப்போகவில்லை" என்றாள்,
"எனக்குத் தோதாக இல்லை.
நாவல் படிக்கிறவர்களுக்காகச் செய்திருக்கிறார்கள்.
என்னிடம் நாவல் கிடையாது."

இருந்தது:
ருஷ்ய மொழியில் ஒரு பம்பு கையேடு,
பக்கத்துக்கு இரண்டு பத்தி, எறும்பு எழுத்து.
விவாகரத்து வழக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
குமாஸ்தா அவசரத்தில் கோணலாக நகலெடுத்தது.
"கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்கிறேன்.
எப்போதும் அவர் வக்கீல் பக்கமே சாய வேண்டியிருக்கிறது."

நான் ரசீதைத் திருப்பி
எழுத ஆரம்பித்தேன்.

கோணல் தானாக நிமிர வேண்டும்.
ஓரத்து வெள்ளையை வெட்டலாம்,
ஆனால் அந்த வெள்ளையில் அவள் பென்சிலால் கிறுக்கியதை
வெட்டக் கூடாது.
எழுத்தைப் பெரிதாக்கினால்
அட்டவணை சரிந்து
வால்வு எண் அழுத்த அளவோடு கலக்கக் கூடாது;
"கலந்தால் பாதி ஊருக்குத் தண்ணீர் வராது."

மகள் அனுப்பும் கடிதங்களில்
நம் எழுத்து எதுவும் தெரிவதில்லை.
"ஹாத்துனா என்று கையெழுத்துப் போடுகிறாள்,
எனக்கு வருவது ஆறு காலிக் கட்டம்."

பிறகு குரல் ஏறியது.
தீர்ப்பு நகலுக்குக் கீழே,
இதை வாசித்தவர்கள் இதையும் வாசித்தார்கள் என்று
ஒரு சமையல் புத்தகம்.
மார்புக் கட்டியைச் சோதித்த அறிக்கைக்குக் கீழே,
இந்த அத்தியாயத்தில் மீதம் நான்கு நிமிடம்.
"யாரைக் கேட்டு எண்ணுகிறது?
அந்தப் பக்கத்தில் ஒரு ராத்திரி முழுக்க நின்றேன்."

ஆசிரியர்: தெரியவில்லை.
எல்லாவற்றுக்கும் அதேதான்.
தீர்ப்புக்கும், கட்டிக்கும், மகளுக்கும்.

எழுத்துரு ஏற்றினேன், பத்து நிமிட வேலை.
ஆறு கட்டமும் ஹாத்துனா ஆனது.
சிபாரிசை நிறுத்தினேன்.
மற்றதற்கு வழக்கம்போல் முடியாது என்றேன்,
இந்த முறை நிஜமாகவே.

பட்டியலின் அடியில் ஒரு கோப்பு:
ஸ்கேன் 0047.
பக்கத்தில் கறுப்புப் பட்டையில்: புதிது.
தேதி பார்த்தேன். நான்கு வருஷம்.

"தம்பி எழுதினது" என்றாள்.
"அவனை அடக்கம் செய்து ஒன்பதாம் நாள்
அவன் மனைவி அனுப்பினாள்."
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.
"அந்தச் சொல்லை மட்டும் எடுக்க முடியுமா?
கோப்பு இருக்கட்டும்."

"திறந்தால் தானாகப் போய்விடும்."

"தெரியும்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.
"நீங்கள் மீன்கடையைப் பாருங்கள்" என்றேன்.
நான் சாவிக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டு
விரலால் தடவித் திறந்தேன்.
மீன்காரர் யாரிடமோ அரை கிலோவுக்குச் சண்டை போட்டார்.
மூன்று எண்ணினேன். மூடினேன்.

புதிது போயிருந்தது.
அந்த இடத்தில்: ஒரு சதவீதம்.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.
"இது யார் படித்தது?"

"யாரும் இல்லை. மெஷின் கணக்கு."

ஐந்து லாரி கொடுத்தாள்,
ரொட்டிப் பையில் சுற்றினாள்,
மார்ஷ்ருட்காவுக்கு ஓடினாள்.

அவளிடம் ஒன்றைச் சொல்லவில்லை.
சாவிக்கடைக்காரர் அன்று கண்ணாடியைத் துடைத்திருந்தார்.
அதில் திரை தெரிந்தது, இடவலம் மாறி.
ஒரு சொல்லும் படிக்க முடியவில்லை, சத்தியம்.
ஆனால் பக்கம் கோணலாக இருந்தது.
அதையும் அவள்
கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும்.